தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழு சதவீதப் பெருமை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே போகிற எழுபத்தேழு பிள்ளைகளுக்கும் ஒரு விழா எடுப்பது என்று அந்தப் பள்ளிக்கூடம் முடிவு செய்தது. நல்ல முடிவுதான். பிள்ளைகள் படித்தார்கள், தேறினார்கள், போகிறார்கள். கூப்பிட்டு உட்காரவைத்து நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் நாலு வார்த்தை சொல்ல ஒரு குழு வேண்டுமல்லவா? பெருமைக் குழு அமைந்தது. குழு என்று ஒன்று இருந்தால் அதற்குப் படிவம் வேண்டுமல்லவா? பெருமை அறிவிப்புப் படிவம் அச்சாகி வீடு வீடாகப் போனது.

சலவைக்கடையில் இஸ்திரி போடும் இஸ்திரியம்மா வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி. "தங்கள் பிள்ளையின் கல்விச் சாதனை குறித்துத் தங்கள் உள்ளத்தில் பொங்கும் உணர்வை ஒரே சொல்லில் குறிப்பிடவும்."

இஸ்திரியம்மா பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். மகள் வகுப்பில் மூன்றாவதாக வந்தவள். நர்சுப் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருக்கிறது. ஆனால் பெற்றவள் வாயாலேயே பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடாதா? அந்த வீட்டில் பாராட்டுக்கு ஒரு வரிசை உண்டு. சாப்பாடு சுமாராக இருந்தால் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நன்றாக இருந்தால் "ம்" என்பார். பிரமாதமாக இருந்தால் "பரவாயில்லை" என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் மூன்றே தடவைதான் வந்திருக்கிறது.

அதனால் இஸ்திரியம்மா தனக்குத் தெரிந்ததிலேயே உசத்தியான சொல்லைத் தேடியெடுத்து, குண்டு குண்டாக எழுதினாள்: பரவாயில்லை.

மறுநாளே பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

தலைமையாசிரியர் படிவத்தை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

"என்னம்மா இது?"

"படிவம் சார்."

"அது தெரியுது. மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? 'பேரானந்தம்.' 'புல்லரிப்பு.' ஒருத்தர் 'மாரடைப்பு'ன்னே எழுதியிருக்கார். அவ்வளவு சந்தோஷம்! நீங்க மட்டும் 'பரவாயில்லை'. நூத்துக்கு நூறு பெருமைப் பள்ளின்னு வாசல் வளைவுல எழுத ஆள் ஏணி மேல நிக்கிறான். உங்களால இப்ப தொண்ணூத்தெட்டு புள்ளி ஏழு!"

ஏணி மேல் நிற்கிறவனை நினைத்து இஸ்திரியம்மாவுக்குப் பாவமாக இருந்தது. "மாத்தி எழுதிக் குடுத்துடறேன் சார்."

"அடிச்சுத் திருத்தினா படிவம் செல்லாது."

"அப்ப வேற படிவம் குடுங்க சார்."

"பழையது தொலைஞ்சாத்தான் வேற குடுக்கலாம். பழையது எங்க தொலைஞ்சுது? இதோ என் கையில இருக்கே!"

இதற்கு மேல் பேச வழியில்லை. ஆனால் இஸ்திரியம்மாவுக்கு வேறொரு கவலை இருந்தது. மெல்லக் கேட்டாள்.

"சார், நர்சுப் பயிற்சியில வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள மாற்றுச் சான்றிதழைக் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. இல்லேன்னா இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிடுமாம். விழாவும் வியாழக்கிழமையே இருக்கு. சான்றிதழை மட்டும் முன்னாடியே..."

தலைமையாசிரியர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "சான்றிதழ் குடுத்துட்டா உங்க பொண்ணு எங்க மாணவி இல்லை. எங்க மாணவி இல்லாத பொண்ணை எப்படி மேடை ஏத்துறது? மேடை ஏறாத பொண்ணுக்கு எப்படிச் சான்றிதழ் குடுக்கிறது?"

கேட்டால் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதுதான் அதில் பெரிய கொடுமை.

"அதுவும் பெருமைக் குறைபாடு உள்ள குடும்பம். மூணு நாள் பயிற்சிக்கு வாங்க. தேறினா மேடை."

பயிற்சியை நடத்தியவர் விளையாட்டு டீச்சர். அவரிடம்தான் விசில் இருந்தது. முதல் விசிலுக்குக் கை தட்ட வேண்டும். இரண்டாவது விசிலுக்குக் கண்ணில் நீர் கோக்க வேண்டும். மூன்றாவது விசிலுக்குப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அப்போது முகம் புகைப்படக்காரர் பக்கம் இருக்க வேண்டும்.

"அழுங்கம்மா!"

"வரலை டீச்சர்."

"வீட்டுல அழறதே இல்லையா?"

"அதுக்கு விசில் அடிக்கமாட்டாங்க டீச்சர்."

மூன்றாம் நாள் இஸ்திரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சுவர்க்கடிகாரம் தெரிந்தது. பெரிய முள் பன்னிரண்டில், சின்ன முள் நாலில். ஒரு கதவு சாத்திக்கொண்டது. பொலபொலவென்று கொட்டிவிட்டது.

டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "அடடா! இதுதான் பெருமை! பிள்ளையோட எந்தச் சாதனையை நினைச்சீங்க?"

"நாலு மணியை டீச்சர்."

டீச்சர் அதை "உள்ளார்ந்த உணர்வு" என்று குறித்துக்கொண்டார்.

விழாவுக்குக் கறுப்பு அங்கியும் நாற்கோணத் தொப்பியும் கட்டாயம். மேல்நாட்டில் பெரிய பெரிய படிப்பு முடித்தவர்கள் போடுவதாம். வாடகைக்கு வந்த அங்கிகள் இஸ்திரிக்கு இஸ்திரியம்மாவிடமே வந்தன. பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாடகக் கம்பெனிச் சரக்கு. பேய் வேஷத்துக்கு வைத்திருந்தது. போன மாசம்தான் இதே கையால் தேய்த்துக் கொடுத்தாள். பேயெல்லாம் ஆறடி. பிள்ளைகள் போட்டால் அங்கி தரையைக் கூட்டியது, தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கியது. எழுபத்தேழு பேரையும் வரிசையில் நிறுத்தினால் யார் யாருடைய பிள்ளை என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது. அதுதான் சமத்துவம் என்று தலைமையாசிரியர் சொன்னார்.

வியாழக்கிழமை விழா பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் வந்தது ஒன்றரைக்கு. வந்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். எதிர்த் தெருப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தார். பேச்சுக் காகிதம் மாறிப்போயிருக்க வேண்டும். தலைமையாசிரியரின் முகம் கறுத்தது. ஆனால் முதல் விசில் அடித்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

பெயர் வாசிக்கத் தொடங்கும்போது மணி இரண்டே முக்கால். மகளின் எண் அறுபத்தொன்பது. பஸ்ஸில் நர்சுப் பயிற்சிப் பள்ளிக்கு இருபத்தைந்து நிமிஷம். இஸ்திரியம்மா கைக்குட்டையைப் பிழிந்து பிழிந்து கயிறாக்கிவிட்டாள். பக்கத்து நாற்காலி அம்மா, "எவ்வளவு பெருமை பாருங்க, உட்கார முடியலை அவங்களால" என்று தன் வீட்டுக்காரரிடம் காட்டினாள்.

மூன்றரைக்கு அறுபத்தொன்பது வந்தது. ஒலிபெருக்கி மகளின் பெயரை முழக்கியது. இஸ்திரியம்மா மேடை ஏறினாள். எதிரே அங்கியும் தொப்பியுமாக ஒரு கறுப்பு உருவம் தடுக்கித் தடுக்கி வந்தது. இரண்டாவது விசிலுக்குக் காத்திருக்கவே இல்லை, கண்ணீர் ஆறாக ஓடியது. இனி எங்கே நாலு மணிக்குப் போவது? பன்னிரண்டு வருஷப் படிப்பு இந்த மேடையோடு சரி. பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதறினாள். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. அங்கிக்குள்ளிருந்து ஏதோ முனகல் கேட்டது. மூன்றாவது விசிலில் அது அமுங்கிவிட்டது.

கூட்டம் எழுந்து நின்றது. சிறப்பு விருந்தினரே மூக்கைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் மைக்கைப் பிடுங்கி, "இதோ! இந்த ஆண்டின் தலைசிறந்த பெருமை!" என்று அறிவித்தார். சுருட்டிக் கட்டிய காகிதம் ஒன்று கைக்கு வந்தது. கீழே இறங்கிப் பிரித்துப் பார்த்தாள். வெறும் வெள்ளைத் தாள். விசில் டீச்சர் காதருகே, "இது மேடைக்கு. அசல் அலுவலகத்துல" என்றார். இஸ்திரியம்மா பின்பக்கம் இருந்த அலுவலகத்துக்கு ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. பள்ளிக்கூடம் முழுக்கத் தேடியும் மகளையும் காணோம். சுவர்க்கடிகாரத்தில் நாலு.

அழுது வீங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போனால், மகள் வீட்டு உடுப்பில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டேம்மா. சேர்த்துக்கிட்டாங்க. மூணு அம்பத்தெட்டுக்குப் போயிட்டேன்."

இஸ்திரியம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "எப்படிடீ? நீ மேடையில இருந்தியே?"

"நான் எங்க இருந்தேன்? நாற்காலி தூக்க ஒன்பதாவது பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. பால்காரம்மா பொண்ணுகிட்ட அங்கியையும் தொப்பியையும் குடுத்துட்டு நேரா ஆபீஸ் ரூம். அங்க கிளார்க் சார் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கிட்டே 'மேடை ஏறினார், மேடை ஏறினார்'னு டிக் போட்டுக்கிட்டு இருந்தார். என் பேரைச் சொன்னாங்க, டிக் போட்டார். சான்றிதழ் குடுங்க சார்னேன்."

"குடுத்துட்டாரா?"

"'அந்தப் பொண்ணு மேடையில இருக்கே, நீ யாரு?'ன்னார். தங்கச்சின்னேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'அக்காவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கியே'ன்னு குடுத்துட்டார். ரூமைப் பூட்டிக்கிட்டு அவரும் கை தட்டப் போயிட்டார்."

இஸ்திரியம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகுதான் உறைத்தது. "அடிப் பாவி! அப்ப நான் ஊரறிய யாரைக் கட்டிப்பிடிச்சு அழுதேன்?"

ஒரு வாரத்தில் பள்ளி வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிய படம் ஏறியது. கண்ணீர் வழியும் இஸ்திரியம்மா. அவள் பிடியில் தொப்பி மூடிய, பாதி மூக்கும் வாயும் தெரிகிற ஒரு முகம். கீழே "நூற்றுக்கு நூறு பெருமை". தொலையாத படிவத்தைத் தலைமையாசிரியர் தீர்மானம் போட்டுத் தொலைத்துவிட்டாராம்.

துணி மூட்டையோடு அந்தப் பக்கம் போன இஸ்திரியம்மா, படத்தடியில் பால்காரம்மா நிற்பதைக் கண்டு நழுவப் பார்த்தாள். அதற்குள் பால்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தா இப்படிப் பெக்கணும் அக்கா! எவ்வளவு பெருமையா இருக்கும் உங்களுக்கு!"

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மகளின் சான்றிதழ் என்னாகும்? இஸ்திரியம்மா மூன்று நாள் பயிற்சி பெற்றவள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு, "சொல்ல முடியாத பெருமை" என்றாள்.

பால்காரம்மா படத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"என்ன இருந்தாலும் படிச்ச பிள்ளை முகத்துல ஒரு களை இருக்கு பாருங்க! எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, ஒன்பதாவது. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும், அது எங்க தேறப்போகுது!"