நெட்டையனின் நாலாவது பெடல்

விடிவதற்கு முன்பே நெட்டையனின் வலது முழங்கால் விழித்துக்கொண்டது. மற்ற உடம்பெல்லாம் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. காலை மடக்கினால் உள்ளே யாரோ திருப்புளியை விட்டுத் திருகுவதுபோல் இருந்தது.

சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலை அவனுக்கு. சாய்த்துப் போட்ட பலகையில் ஏறி லாரியில் அடுக்க வேண்டும். முட்டி மடங்காதவன் பலகை ஏற முடியாது. மேஸ்திரி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைக்குள்ள கால் சரியாகலைன்னா வெளக்கமாத்தப் பிடிச்சுக்க. பாதிக் கூலிதான்."

"மூட்டையால வந்த வலியே இல்ல இது," என்றான் வக்கீல். அவனும் மூட்டை தூக்குகிறவன்தான். வாய் ஓயாமல் வாதாடுவதால் அந்தப் பெயர். "இத்தன வருஷம் தூக்கினியே, அப்பல்லாம் வலிச்சுதா? உன் சைக்கிளப் பாரு. பெடல் தேஞ்சு மழமழன்னு கெடக்கு. கால் வழுக்குது, முட்டி திருகிக்குது."

பெடல் தேய்ந்துதான் இருந்தது. மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நெட்டையன் சைக்கிள் கடையில் நின்றான். கடைக்காரர் பளபளவென்று பிளாஸ்டிக் பெடல் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவன், இருட்டிய பிறகுதான் எழுந்தான்.

"இந்தப் பெடல் வழுக்குதுங்க," என்றாள் மனைவி.

"மிதிக்கிறது நானா, நீயா?"

"பாத்தாலே தெரியாதா என்ன?"

மறுநாள் காலையில் வலி கூடியிருந்தது.

"பிளாஸ்டிக்க எவன்டா போடுவான்?" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டான். "இரும்புல, பல்லு வச்சது இருக்கு. செருப்பக் கவ்விப் பிடிச்சுக்கும்."

இந்தத் தடவை இரும்புப் பெடலை வாங்கி, மாட்டுகிற கூலியை மிச்சம் பிடிக்க நெட்டையன் தானே மாட்டப் பார்த்தான். வலது பெடல் சொன்ன பேச்சு கேட்டுக் கழன்று வந்தது. இடது பெடலை அதேபோல் திருகத் திருக, அது இன்னும் இறுகியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினான். ஸ்பேனர் நழுவி விரல் கணுவெல்லாம் தோல் உரிந்துபோனது.

"இடது பக்கத்துக்கு மரை தலைகீழா இருக்கும்ணே, எதிர்ப்பக்கம் திருகணும்," என்றார் கடைக்காரர், அவன் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளைப் பார்த்து. "நீங்க கழட்டல. ஆயுசுக்கும் முடுக்கி வச்சிருக்கீங்க."

கழற்ற இரட்டைக் கூலி ஆனது.

அன்று ராத்திரி மனைவி கெந்திக் கெந்தி நடந்தாள்.

"நீ ஏன் நொண்டுற?"

"உங்களுக்குத் துணைக்குத்தான். அந்த இரும்புப் பல்ல யாரு போடச் சொன்னது? கெண்டைக்காலக் கிழிக்குது."

"என் கால் நல்லாத்தானே இருக்கு?"

அவள் பேச்சை மாற்றினாள். "பேக்கிங் ஷெட்டுல ஆள் எடுக்குறாங்களாம். உங்களுக்குப் பாதிக் கூலின்னா, நானும் போறேன்."

"அவ்வளவு தூரம் நடந்தா போவ?"

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

காலையில் சைக்கிளில் ஏறினால், முட்டி கிட்டத்தட்ட மார்பு வரைக்கும் வந்தது. பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். வக்கீல் யோசித்துத் தீர்ப்பு சொன்னான்: "பல்லு குத்துறதால பயந்து காலத் தூக்குற. மெத்துன்னு ரப்பர் பெடல் போடு."

ரப்பர் பெடல் அகலமாக, தடியாக, உட்கார்ந்து சாப்பிடலாம் போல இருந்தது. அடுத்த நாள் காலை முட்டி ஹேண்டில்பாரிலேயே இடித்தது. வளைவில் திரும்பும்போது ரோட்டோரம் பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பெடல் தடிமன். அதான் கால் மேல மேல வருது," என்றான் வக்கீல், கொஞ்சமும் வெட்கப்படாமல். "இருக்கறதுலயே மெல்லிசா ஒண்ணு வாங்கு."

"நேத்து நீதானேடா ரப்பர்னு சொன்ன?"

"நேத்து உன் முட்டி வேற, இன்னிக்கு உன் முட்டி வேற."

நெட்டையனுக்குத் தலை சுற்றியது. பெடலை மாற்ற மாற்ற வலி வளர்கிறது. மாற்றாமல் விட்டிருந்தால் குறைந்திருக்குமோ? பழைய பெடலைத் தேடலாம் என்றால் அது பழைய இரும்புக்குப் போயாகிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. பலகையில் ஏறும்போது கால் நடுங்கியதை மேஸ்திரி பார்த்தார். மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து எட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்தார்.

லோடு இறங்கத் தாமதமாகி, அவன் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் மனைவி கல்லாவில் இருந்தாள். தினமும் அந்த நேரத்தில் கடை அவள் பொறுப்பு.

"இருக்கறதுலயே மெல்லிசு பெடல் குடும்மா. இதுவும் சரிப்படலைன்னா நாளைக்கு நான் கிடங்கு கூட்டப் போறவன்."

அவள் ஸ்பேனரை எடுத்தாள். இரண்டு பெடலையும் கழற்றி மாட்டி, கையைத் துணியில் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். நெட்டையன் பணத்தைக் கொடுத்துவிட்டு, காலைத் தூக்கிப் போடத் தைரியம் வராமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

"அண்ணே, ஒரு நிமிஷம்!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். "பெடல் காசு சரியா இருக்கு. உங்க வீட்டம்மா இதே சைக்கிள்ல பழகுறப்ப கால் தரையில எட்டலைன்னு, விழுந்துட்டு வர்ற ஒவ்வொரு மத்தியானமும் சீட்ட ரெண்டு விரக்கடை எறக்கி வாங்கிட்டுப் போனாங்களே, அந்தக் கூலிதான் இன்னும் பாக்கி."