ஓடாத காருக்கு ஒரு சார்ஜர்

ஒரு பொருளை வாங்குவதற்காகப் பாடுபட்டவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். ஒரு பொருளை வாங்காமல் இருப்பதற்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே எங்கள் கொட்டேஷன் சார் ஒருவர்தான். பொருள், கார் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஒரு சார்ஜர். இரண்டு டிபன் பாக்ஸை ஒட்டி வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். அதை வாங்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் என் தலையில் மிச்சமிருந்த முடியும் போய்விட்டது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஆதார் அட்டைக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். நாங்கள் இருவரும் ஒரே அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்தோம். நான் கணக்குப் பிரிவு, அவர் கொள்முதல் பிரிவு. அங்கே குண்டூசி வாங்குவதாக இருந்தாலும் மூன்று கடையில் கொட்டேஷன் என்று விலை எழுதி வாங்க வேண்டும், அதில் குறைந்த விலைக்காரரிடம்தான் வாங்க வேண்டும். நாங்களெல்லாம் அந்த விதியை சாயங்காலம் ஆபீஸ் கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். இவர் டிபன் கேரியரோடு சேர்த்து அதையும் வீட்டுக்கு எடுத்துப் போனார். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மூன்று கடையில் விசாரிக்காமல் அவர் ஒரு தேங்காய் வாங்கியதில்லை. அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஒரு நாள் காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "மூணு வூட்ல பொண்ணு பார்த்தாரு தம்பி. எங்க அப்பாதான் கம்மியா செலவு வைக்கிற மாதிரி தெரிஞ்சாராம். அப்படித்தான் நான் வந்து மாட்டிக்கினேன்."

கொட்டேஷன் சார் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "குவாலிட்டியும் பார்த்தேன்" என்றார்.

ரிடையர் ஆன பிறகு இருவரும் புதுப்பட்டினத்தில் ஒரே அபார்ட்மெண்டில் வீடு வாங்கினோம். அவர் கீழ்த்தளத்தில் இரண்டு கார் நிறுத்த இடம் வாங்கியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஒன்று அவருடைய பழைய சின்ன கார். இன்னொன்று அவர் மகன் கனடாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பெரிய கார். இரண்டுக்கும் உறை போட்டு, உறைக்கு மேல் ஒரு பழைய வேட்டியும் போட்டிருப்பார். கடற்கரை ஊரில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் வெளியே எடுக்காமலே வைத்திருந்தால் பேட்டரி செத்துப்போகும் என்பதும் வாஸ்தவம். ஈ.சி.ஆர் கடற்கரைச் சாலையில் சனி ஞாயிறு பையன்கள் வண்டி ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு இவர் எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போவார். கார் வாங்கியது ஊருக்கு, பஸ் பாஸ் தனக்கு என்று இருந்தார்.

அந்தச் சின்ன காரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். அக்கா பட்டுப்புடவையில் இறங்கி வந்தார். சார் சாவியைத் திருகினார். வண்டி தொண்டையைக்கூடச் செருமவில்லை. தள்ளலாம் என்று முடிவானது. நான், வாட்ச்மேன், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா, மூன்று பேரும் மெயின் ரோடு வரை தள்ளினோம். கடைசியில் ஒரு உதறு உதறிக்கொண்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாங்கள் கைதட்டினோம். சார் நிறுத்தவில்லை.

"ஏங்க! நான் ஏறவேணாமா?" என்று அக்கா கத்தினார்.

"நிறுத்துனா அணைஞ்சிடும்டீ!" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. அதோடு கார் வளைவில் மறைந்துவிட்டது.

அக்கா பஸ் பிடித்துக் கல்யாணத்துக்குப் போய், மொய் எழுதி, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு வீடு திரும்பிவிட்டார். அதன் பிறகுதான் சார் வந்தார். மண்டபத்தைத் தாண்டிப் பல தடவை போயிருக்கிறார். வாசலில் நின்ற மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு தடவையும் கும்பிட்டிருக்கிறார்கள். இவரும் ஓடுகிற வண்டியிலிருந்தே கும்பிட்டிருக்கிறார். எஞ்சினை அணைக்கப் பயந்து கோயிலை நாலு மாட வீதியிலும் சுற்றிவிட்டுப் பட்டினியாக வந்து சேர்ந்தார். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக, "சார், ஒரு சார்ஜர் வாங்கிடுங்க" என்று சொன்னேன்.

"பார்க்கலாம்யா. கொட்டேஷன் கேக்கலாம்" என்றார். என் கஷ்டகாலம் அந்த வார்த்தையில் ஆரம்பித்தது.

பெரிய கார் விஷயம் இதைப் போல் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. மகன் ஊருக்குப் போகும்போது, "அப்பா, லீவுக்கு வர்றப்போ எனக்கு வண்டி வேணும். ரெடியா வச்சிருங்க" என்று சொல்லியிருந்தான். சொன்னபடி ஒரு லீவுக்கு வந்தான். மனைவி குழந்தைகளோடு மாமல்லபுரம் போகலாம் என்று கிளம்பினான். எல்லோரும் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருகினால் டிக் டிக் என்கிறது. அது கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. தள்ளினாலும் பிடிக்காது. கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. மகன் சிரித்துக்கொண்டே, "விடுங்கப்பா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு டாக்ஸி கூப்பிட்டான். குழந்தைகள் டாக்ஸியிலிருந்து டாட்டா காட்டின. சார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பார். அந்தப் 'பரவால்ல' அவருக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

"அடுத்த வாட்டி அவன் வரும்போது மொத திருகுலயே ஸ்டார்ட் ஆவணும்யா. அவன் கையாலயே திருகணும். அத்த நான் பார்க்கணும்" என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கையில் வேறு லட்சியம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த லட்சியத்துக்கு நேர்ந்துவிடப்பட்டது என் கார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும், நான் பல் தேய்க்கும் முன்பே, கதவு தட்டப்படும். திறந்தால் கழுத்தில் மாலை மாதிரி ஜம்பர் கேபிளைப் போட்டுக்கொண்டு கொட்டேஷன் சார் நிற்பார். "இன்னாயா, எழுந்துட்டியா?" என்பார். என் காரை அவர் கார் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நிறுத்தி, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் கோர்த்து, என் பேட்டரியிலிருந்து அவர் பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும். கடைசியில் என் பேட்டரியும் படுத்துவிட்டது. ஒரு முறை என் மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என் காரே கிளம்பாமல் ஆட்டோ பிடித்தேன். அந்த ஆட்டோவில் என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவருகிற சக்தி எனக்கு இல்லை.

கொட்டேஷன் கேட்கும் வைபவமும் ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது. முதலில் புதுப்பட்டினத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பாயிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன். பாய் ஒரு சார்ஜரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இத்த எடுத்துக்கோ அண்ணாத்த. நல்லா கீது. நான் காரண்டி."

"விலையை லெட்டர்ஹெட்ல எழுதி, சீல் குத்திக் குடு பாய். எவ்ளோ நாள் வரைக்கும் இந்த விலை செல்லும்னும் எழுது."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணாத்த, நீ வாங்கப் போறது சார்ஜரு. ரயில் இஞ்சின் இல்ல" என்றார் பாய்.

இருந்தாலும் பாவம், எழுதிக் கொடுத்தார். இரண்டாவது கொட்டேஷனுக்குச் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போனார். மூன்றாவதற்குக் கோவளம் போனார். கோவளத்துக் கடைக்காரர் ஊரில் இல்லை, அப்புறம் வந்தார், அப்புறம் பில் புத்தகம் தீர்ந்துவிட்டது. ஒருவழியாக மூன்றாவது வந்தபோது முதல் கொட்டேஷன் காலாவதியாகியிருந்தது. மறுபடியும் பாயிடம் போனார். பாய் புதிதாக எழுதிக் கொடுப்பதற்குள் செங்கல்பட்டுக் கொட்டேஷன் காலாவதி. இப்படி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருந்தன. மூன்றும் ஒரே நாளில் உயிரோடு இருந்ததாகச் சரித்திரமே இல்லை. பேட்டரிகள் மட்டும் ஒற்றுமையாகச் செத்துக் கிடந்தன.

நடுவில் ஒரு கமிட்டி வேறு போட்டார். தலைவர் அவர், உறுப்பினர் நான், உபயோகிப்பாளர் சார்பில் அக்கா. கூட்டம் அவர் வீட்டு டைனிங் டேபிளில் கூடியது. சார்ஜருக்குப் பிளக் எங்கே சொருகுவது, பால்கனியிலிருந்து ஒயர் விட்டால் மழையில் நனையுமா, இரண்டு காருக்கும் ஒன்று போதுமா என்றெல்லாம் விவாதித்தோம். கடைசியில் அக்கா, "வாங்கித் தொலைங்களேன், பேஜாரா கீது" என்றார். உறுப்பினர் அதை வழிமொழிந்தார். தலைவர், "நோட் பண்ணிக்கிட்டேன். அடுத்த மீட்டிங்ல பேசலாம்" என்று சபையைக் கலைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. கேபிளைத் தரையில் எறிந்தேன். "சார், சார்ஜர் வேணாம். பேட்டரி ஒயரைக் கழட்டியாவது வைங்க. அவன் வர்ற அன்னிக்கு மாட்டிக்கலாம்" என்று கத்தினேன்.

"ஒயரைக் கழட்டுனா அவன் ரேடியோல வச்சிருந்த ஸ்டேஷனெல்லாம் அழிஞ்சிடும்யா" என்றார்.

"அப்ப சார்ஜர் வாங்குங்க! நீங்க வாங்கவே போறதில்ல. சும்மா கொட்டேஷன் கொட்டேஷன்னு எல்லார் உசுரையும் வாங்கறீங்க."

அவர் கோபப்படவில்லை. காரின் பானெட்டை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சார்ஜர் யாருக்குயா? ஓடாத வண்டிக்கு. இப்போ ஞாயித்திக்கெழம ஞாயித்திக்கெழம உன்னைத் தொந்தரவு பண்றேன், சரி. இன்னா நெனச்சிக்கினு பண்றேன்? இந்த ஒரு வாரந்தான், அடுத்த வாரம் அவன் வந்துடுவான்னு நெனச்சிக்கினு பண்றேன். சார்ஜரை வாங்கி மாட்டிட்டா, அவன் இப்போதைக்கு வரமாட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடாதா?"

நான் கீழே குனிந்து கேபிளை எடுத்தேன். சிவப்பைச் சிவப்போடு மாட்டினேன். அதன் பிறகு நான் சார்ஜர் பேச்சையே எடுக்கவில்லை. கோவளத்துக் கடைக்காரரை மனதுக்குள் திட்டுவதையும் நிறுத்திக்கொண்டேன்.

இந்த வருஷம் பள்ளிக்கூட லீவுக்கு வருவதாக மகன் சொல்லியிருந்தான். சாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. வேட்டியை எடுத்தார், உறையை எடுத்தார், காரைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளிப்பாட்டினார். பேரக்குழந்தைகளுக்குப் பின் சீட்டில் இரண்டு சின்னத் தலையணைகள் வாங்கிப் போட்டார். அதற்கும் மூன்று கடை ஏறினார். ஞாயிறு போதாதென்று புதன்கிழமையும் என் கதவு தட்டப்பட்டது.

பிறகு ஒரு நாள் அக்கா என்னை மாடிப்படியில் நிறுத்தினார். கண்கள் சிவந்திருந்தன. "அவன் வரலியாம் தம்பி. அங்கியே வூடு வாங்கிட்டானாம். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்கு வர முடியாதாம். வண்டியை வித்துடுங்கப்பான்னு சொல்லிட்டான்."

"சார் என்ன சொன்னாரு?"

"'பரவால்லடா'ன்னாரு. போனை வச்சிட்டு சட்டையை மாட்டிக்கினு வெளிய போயிட்டாரு."

நான் அவரைத் தேடிக் கிளம்புவதற்குள் என் செல்போன் அடித்தது. பேட்டரிக் கடை பாய். குரலில் பதற்றம்.

"சார், உங்க கொட்டேஷன் அண்ணாத்தைக்கு ஒடம்பு நல்லா கீதா? இப்போதான் வந்தாரு. சார்ஜர் குடுன்னாரு. எடுத்துக்கினு போயிட்டாரு."

"நல்லதுதானே பாய்?"

"இன்னா சார் நல்லது? வெலையே கேக்கல சார்! பில்லும் வேணாம்னுட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் போய்ப் பாரு சார்."

எத்தனையோ வருஷமாக நான் கெஞ்சிக் கேட்ட சார்ஜர் அன்றைக்கு வந்துவிட்டது. பால்கனியிலிருந்து ஒயர் தொங்கியது. அதன் முனையில் பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்தது. அதைக் கண்டதும் எனக்கு எடுத்துத் தூர எறிந்துவிடலாம் போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் என் கதவைத் தட்டவில்லை. பல் தேய்த்தேன். காபி குடித்தேன். பேப்பரை முழுதாகப் படித்தேன். என் மனைவிகூட, "என்னங்க, இன்னும் காணோம்?" என்றாள். என் மச்சினர் குடும்பம் அன்று சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது, நான் கறி வாங்கப் போக வேண்டும். பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

பெரிய கார் உறை இல்லாமல் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சார் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மொத திருகுலயே ஸ்டார்ட் ஆயிடுச்சுயா" என்றார்.

நான் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். "மாமல்லபுரம் வரைக்கும் போலாமா சார்?" என்று கேட்டேன்.

"ஈ.சி.ஆர்ல இன்னிக்குக் கூட்டமா இருக்குமேயா."

"மெதுவா போலாம்."

அவர் என்னையும் என் மடியில் இருந்த கறிப் பையையும் பார்த்தார். "உனக்கு வூட்ல வேல இருக்கும் போலக்கீதே?"

"ஒரு வேலையும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.