லூப் அண்ணனின் இரண்டாவது பொத்தான்

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும், சொன்னதைத் திருப்பிச் சொல்லாத மனுஷனை நம்பவே கூடாது என்று வாழ்ந்த ஒரே ஆள் எங்கள் லூப் அண்ணன்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

டீக்கடையில் "சக்கரை கம்மியா ஒண்ணு" என்பார். மாஸ்டர் அதை ஒப்பித்த பிறகுதான் பெஞ்சில் உட்காருவார். ஷேர் ஆட்டோ டிரைவர் தன் வாயால் "டோல்கேட்" என்று சொல்லும்வரை அண்ணனின் ஒரு கால் தரையிலேயே இருக்கும். வீட்டிலும் இதே சட்டம்தான். அண்ணி திட்டினால் அதை அண்ணன் முழுசாகத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். பாதியிலேயே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடுமாம்.

எல்லாம் தொழில் புத்தி. எங்கள் கம்பெனி கடைகளுக்கும் கண்டெய்னர் யார்டுகளுக்கும் டேட்டா லைன் கொடுக்கிறது. எங்கள் பெட்டியிலிருந்து வாடிக்கையாளர் வாசல்வரை போகும் கடைசிக் கம்பிக்கு லோக்கல் லூப் என்று பெயர். அதில் கோளாறு என்றால், போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஓரிடத்தில் ஒரு பிளக்கால் முடிச்சுப் போடுவார் அண்ணன். ராயபுரம் ஆபீசில் திரைக்கு முன்னால் இருக்கும் நான் எதையாவது அனுப்புவேன். அனுப்பியது அப்படியே எனக்குத் திரும்பி வந்தால் அதுவரை லைன் சுத்தம். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் முடிச்சு. எங்கே திரும்பி வராமல் போகிறதோ அங்கே இருக்கிறது வியாதி.

சோதனை முடிந்ததும் முடிச்சை எடுத்துவிட வேண்டும். மறந்தால் போச்சு. இங்கே எல்லாம் பச்சையாகத் தெரியும், அங்கே ஒன்றும் போய்ச் சேராது. அதற்காக அண்ணன் பிளக்கில் காசிமேட்டு மீன்வலை நரம்பைக் கட்டி, மறுமுனையைச் சட்டையின் இரண்டாவது பொத்தானில் கட்டிக்கொள்வார். ஒருமுறை திருவொற்றியூரில் டீ குடிக்க நடந்தவரைப் பின்னாலிருந்து சட்டை இழுத்தது. "எவன்டா அவன்?" என்று சண்டைக்குத் திரும்பினால், எதிரே அவர் முடிச்சுப் போட்ட தெருவோரப் பெட்டி.

நான் ஆறு மாதத் தற்காலிக வேலையில் இருந்தேன். நிரந்தரக் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டிய வாரத்தில்தான் எண்ணூர் பக்கத்து கண்டெய்னர் யார்டின் லைன் படுத்தது. கேட் பாஸ் வராமல் டிரெய்லர்கள் ரோடு வரைக்கும் நின்றன. என் திரையிலோ ஒரு பிழைகூட இல்லை. கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில்தான் என்று நாலு மணி நேரம் யார்டுக்காரரோடு போனில் மல்லுக்கு நின்றேன். கடைசியில் அண்ணன் அங்கே போய் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் நான்தான் அவருக்கு அக்கா.

"இப்போ இன்னா காட்டுது யக்கா?"

"சுத்தமா இருக்குண்ணே."

"நான் கம்பியப் புடுங்கி கையில வச்சிகினு கீறேன் யக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் ஒரு சோதனைக்காக, ஆபீசிலேயே இருக்கும் எங்கள் பெட்டியில் கீபோர்டைத் தட்டி முடிச்சுப் போட்டவள் நான்தான். எடுக்க மறந்துவிட்டேன். பொழுதெல்லாம் எனக்கு நானே பேசி, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கழட்டிடு யக்கா. வாயத் தொறக்காத" என்று வைத்துவிட்டார். கழட்டியதும் டிரெய்லர்கள் நகர்ந்தன.

சாயங்காலம் அண்ணன் மேனேஜர் முன்னால் வந்து நின்றார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஒரு கிழிசல். "காலைல யார்டாண்ட டெஸ்ட் பண்ணசொல்ல பொத்தான் பிச்சிகினு பூட்ச்சு சார். பிளக்கு அங்கயே நின்னுபூட்ச்சு. நான் கவனிக்கல" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முறைத்த முறைப்பில் வார்த்தை உள்ளேயே போய்விட்டது. அவருக்கு ஒரு மெமோ, எண்ணூரையும் தாண்டி மீஞ்சூரில் ஒரு மாதம் டூட்டி. எனக்கு நிரந்தரக் கடிதம்.

படிக்கட்டில் ஓடிப்போய் மறித்தேன். அழுகையோடு, "தப்பு என்னோடதுண்ணே" என்றேன்.

அவர் வழக்கம்போல அப்படியே திருப்பிச் சொன்னார்: "தப்பு என்னோடதுண்ணே."

பிறகு, தானே பிய்த்த பொத்தானை என் கையில் வைத்து, "லைனு சுத்தமா கீது. போய் வேலயப் பாரு" என்றார்.

ஒரு மாதம் என்று போனவர், ஊர் பிடித்துவிட்டது என்று மீஞ்சூரிலேயே தங்கிவிட்டார். பொத்தான் என் மானிட்டர் மூலையில் ஒட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். எங்க அண்ணன் கொடுத்தது என்பேன், கூடப் பிறந்தவரைச் சொல்வதுபோல.