சக்கரம் வைத்த வீட்டுக்கு வாட்டம் பார்ப்பது யார்?

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது என்னவென்றால், இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்கு நலம், மனசுக்கு ஒருத்தரும் நலமில்லை, அதற்குக் காரணம் நீங்கள். நெஞ்சில் ஆபரேஷன் செய்த தாங்கள் நல்ல தெம்போடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஏனென்றால் நான் திட்டப் போவதை முழுதாகக் கேட்பதற்குத் தெம்பு வேண்டும். மேலே ‘அவர்களுக்கு’ என்று போடச் சொன்னது மரியாதைக்காக இல்லை, கோபத்துக்காக. அது போதும், இனி நீதான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மருமகள். அவளைப் பற்றியும் நடுவில் வரும், அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன். “சரிங்க மாமா, ஆனா கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க, கை வலிக்குது” என்கிறாள்.

மச்சான், உன்னை யார் கேட்டது? ஆபரேஷன் ஆயிற்று, இனி நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அக்காளைப் பார்க்க ஆசையாயிருக்கிறது, சரி, அதோடு போனை வைத்திருக்கலாம் இல்லையா? அக்காளுக்கு இடுப்பு வலி, பஸ்ஸிலும் ரயிலிலும் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்று என் பையன் சொன்னதும், “ஏன்டா மாப்ள, ஒரு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுங்களேன், பெரிசா எடுத்தா கட்டில் இருக்கும், கக்கூஸ் இருக்கும், அக்கா ராணி மாதிரி படுத்துக்கிட்டே வரலாம்” என்று அவன் காதில் ஓதிவிட்டு நீ நிம்மதியாகப் படுத்துவிட்டாய். அன்றைக்குப் போன தூக்கம் இந்த வீட்டுக்கு இன்னும் திரும்பவில்லை. சோற்றுத் தட்டுக்கு எதிரே டிவியில் வண்டிப் படம். இது வேண்டும், அது சின்னது, இதில் அடுப்பு இருக்கிறது, அதில் நாலு கட்டில் இருக்கிறது. வாடகைக்கு எடுப்பதா வேண்டாமா என்று கேட்கக் கூட்டின கூட்டத்தில் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான், என்னைக் கேட்டார்களா? கேட்கவில்லை. நேரே வேலை பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வண்டி ஓட்டுவது பையன். வழி பார்ப்பது என் மகள். சமையல் இப்போது எழுதுகிறாளே இந்த மருமகள். கணக்கு வழக்கு மாப்பிள்ளை. அப்புறம் ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. மாப்பிள்ளைதான் தொண்டையைச் செருமினார்.

“அந்த டாய்லெட் டேங்க் ஒண்ணு இருக்கு. நிறைஞ்சதும் ஓஸ் மாட்டித் திறந்து விடணும். அது வந்து... மாமாவுக்குப் பழக்கம்தானே?”

எல்லோரும் சிரித்தார்கள் மச்சான். மருமகளும் சிரித்தாள். “நான் சிரிக்கலை மாமா, இருமினேன்” என்கிறாள் இப்போது. சிரித்தாள் என்றே எழுதச் சொன்னேன். என் பையன் மூக்கைப் பொத்திக் காட்டிச் சிரித்தான். நான் குழாய் வேலை பார்த்தவன், ஊரில் அடைத்த சாக்கடையில் பாதியை இந்தக் கையால் எடுத்தவன், அதை நான் மறைத்தது கிடையாது. அந்த வேலையில் வந்த சோற்றைத் தின்றுதான் அவன் மூக்கே வளர்ந்தது. அந்த மூக்கைத்தான் பொத்துகிறான்! வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்தவனை, உல்லாசப் பயணம் வாங்க என்று கூப்பிட்டு, பின்னாலேயே ஒரு கக்கூஸையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, இந்தாங்க உங்க பங்கு என்று கொடுக்கிறார்களே, இதற்குப் பெயர் பயணமா? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். உன் அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

பயணம் என்றால் எனக்கு ஞாபகம் வருவதே நீதான். எங்கள் கல்யாணம் முடிந்து முதல் முதலாக ரயிலில் போனபோது அக்காளை விட்டு இருக்க மாட்டேன் என்று பிளாட்பாரத்தில் உருண்டு புரண்டு அழுது நீயும் தொற்றிக்கொண்டாய். வந்தவன் ஓரமாக வந்தாயா? எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாய். ஜன்னல் பக்கம் வேண்டும் என்று உன் அக்காளை எழுப்பினாய், காற்று அதிகம் என்று மறுபடி நடுவில் வந்தாய், கடைசியில் என் கல்யாணச் சட்டை மேலேயே வாந்தி எடுத்தாய். வெள்ளைச் சட்டை, நீலக் கோடு, இடது பக்கம் பை. அந்தப் பைக்குள்ளேதான் எடுத்தாய். மருமகளே, சிரிக்காமல் எழுது.

சரி, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வண்டியையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று எல்லோருமாகப் போனோம். ஊர் முடிகிற இடத்தில் கம்பி வேலி போட்ட மைதானம், அதற்குள் வரிசையாக வெள்ளை வெள்ளையாக நிற்கின்றன. நாங்கள் கல்யாணம் ஆகிக் குடியிருந்த அறையைவிடப் பெரிசு மச்சான், ஆனால் அந்த அறை ஒரே இடத்தில் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார் வண்டிக்காரர். உள்ளே எதைத் தொட்டாலும் கட்டிலாகிறது. நான் பாட்டுக்குச் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், “பாருங்க, இதுவும் கட்டில்தான்” என்று ஒரு கைப்பிடியை இழுத்தார், நான் மல்லாந்துவிட்டேன். என்னைத் தூக்குவதை விட்டுவிட்டு, “பரவாயில்லையே, முழுசா நீட்டிப் படுக்கலாம்போல” என்கிறாள் என் மகள். ஓட்டுகிறவன் தலைக்கு மேலே ஒரு பரண், அதற்கு ஏணி, அது அம்மா அப்பாவுக்கு என்று முடிவு செய்திருக்கிறார்கள். இடுப்பு வலிக்காரியை ஏணியில் ஏற்றுவதற்கு வண்டி எதற்கு, வீட்டிலேயே மச்சில் ஏற்றலாமே? குளிக்கிற அறையும் கக்கூஸும் ஒன்றே, என் பையன் உள்ளே போய்த் திரும்ப முடியாமல் போனபடியே பின்னால் நடந்து வெளியே வந்தான். எனக்கு அப்போதே மனசு கொஞ்சம் ஆறியது.

வெளியே இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். வண்டியின் வயிற்றுப் பக்கம் ஒரு குழாய், அதன் பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள், ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நீயே சொல், சொட்டுகிற குழாயை மூடாமல் என்னால் தாண்டிப் போக முடியுமா? நான் கண்ட குழாயெல்லாம் வலது பக்கம் திருகினால் மூடும். இதையும் இறுக்கித் திருகினேன். கேடுகெட்ட குழாய், திறந்துகொண்டது! பாத்திரம் கழுவின தண்ணீரோ, யார் குளித்த தண்ணீரோ, அத்தனையும் பாய்ந்து, வரிசையாகக் கழற்றி வைத்திருந்த எங்கள் செருப்பு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போயிற்று. மாப்பிள்ளையின் புது ஷூ படகு மாதிரி முன்னால் போகிறது, பின்னால் மருமகளின் செருப்பு. வண்டிக்காரர் ஓடி வந்து மூடினார். ஆள் மோசமில்லை, அடக்கிக்கொண்டுதான் கேட்டார்.

“ஏங்க பெரியவரே, அதுக்கு மேலேயே இவ்ளோ பெரிசா எழுதி ஒட்டியிருக்கே, படிக்கலையா?”

பையன் ஷூவைப் பார்த்தான். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். உன் அக்காள்தான் வாசற்படியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கி வந்தாள்.

“அவருக்குக் கண்ணாடி வீட்டுல இருக்குங்க.”

மச்சான், எனக்குக் கண்ணாடியே கிடையாது. உன் அக்காளுக்கு ஊசியில் நூல் கோத்துத் தருவது இன்றைக்கும் நான்தான். ஆனால் அந்தக் கண்ணாடி எங்கள் வீட்டில் பல வருஷமாக இருக்கிறது. பாங்கில் கேட்டால் வீட்டில் இருக்கும், ஆஸ்பத்திரியில் கேட்டால் வீட்டில் இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டபோதும் வீட்டில்தான் இருந்தது. ஒரு தடவைகூட அவள் திணறியது இல்லை. அன்றைக்கு ஈரச் செருப்போடு நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று தெரியாததால் எல்லோர் மேலும் காட்டினேன். வண்டியும் வேண்டாம், பயணமும் வேண்டாம், அவன் அக்காளைப் பார்க்காமல் ஒன்றும் செத்துவிட மாட்டான் என்று அந்த மைதானத்திலேயே கத்திவிட்டேன். உன்னைத்தான் சொன்னேன். வாய் தவறி வந்தது, ஆனால் வாபஸ் வாங்க முடியாது.

உன் வீட்டுக்கு நான் ஏன் வரமாட்டேன் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது, நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. நீ வீடு கட்டினபோது கழிவுக் குழாய் பதித்தது நான். தண்ணீர் தானாக ஓடுகிற சரிவை நாங்கள் வாட்டம் என்போம், அந்த வாட்டத்தை முட்டி போட்டுப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அடைத்துக்கொண்டது என்றாய். உள்ளே உன் வீட்டார் போட்ட துணி. “மாமா, தப்பா நினைக்காதீங்க, என்ஜினீயர் வாட்டம் பத்தாதுங்கறார்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேறு ஆளை வைத்துத் தோண்டிப் பாதிக் குழாயை மாற்றிவிட்டாய். அந்தத் துணி பச்சைக் கட்டம் போட்ட துண்டு. யார் துண்டு என்றும் எனக்குத் தெரியும். அன்றைக்கு உன் வாசலைத் தாண்டி வெளியே வந்தவன்தான், அப்புறம் மிதிக்கவில்லை.

இதோ, இப்போது உன் அக்காள் குளிக்கப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் கத்திவிட்டு வந்த மறுநாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை.

“நீங்க வேணாம்னு சொன்னதும் நல்லதுக்குத்தான்” என்றாள்.

“ஏன், தம்பியைப் பார்க்க வேணாமா?”

“பார்க்கணும்தான். என்னால இப்பல்லாம் அடக்க முடியறதில்லைங்க. நாலு தெரு போறதுக்குள்ள ரெண்டு தடவை. அவ்ளோ தூரம் போனா அந்த டேங்க்கு என்னாலதான் நிறையும். அதை மாப்பிள்ளை வந்து கொட்டுறதா? மருமக கொட்டுறதா? நான் எப்படிங்க அந்தப் பிள்ளைங்க முகத்தைப் பார்ப்பேன்? நீங்கன்னா எனக்கு ஒண்ணுமில்லை.”

சொல்லிவிட்டு என் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். என்னைக் கொட்டச் சொல்லவில்லை, பார். சொல்லியிருந்தால் முடியாது என்று சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை.

இங்கே மருமகள் பேனாவை நிறுத்திவிட்டாள். “மாமா, நான் கொட்டுறேன் மாமா, எனக்கு ஒண்ணுமில்லை” என்கிறாள். எழுதுகிற வேலையை மட்டும் பார் என்றேன். அத்தையின் சங்கதி அவளுக்கு முன்பே தெரியுமாம், துணி துவைக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்கிறாள். தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது மச்சான், என் கண்ணாடி உள்பட. நீயும் இதைத் தெரிந்த மாதிரி அவளிடம் ஒரு வார்த்தை பேசினாயோ, ஆபரேஷன் செய்த நெஞ்சு என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். வண்டி எடுப்பதாக இல்லை. நாங்கள் வருவதாக இல்லை. இனி என் பையன் காதில் நீ எதையும் ஓத வேண்டாம். மாத்திரையை நேரத்துக்குப் போடு, உப்பைக் குறை, மாடிப்படி ஏறாதே, நல்லபடியாக நூறு வயசு இரு, என் கண்ணில் மட்டும் படாதே. உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, துண்டைப் போட்டவருக்குக் கிடையாது.

இப்படிக்கு, கோபம் தீராத
உன் அக்காள் புருஷன்

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் ரெண்டு நாள் ஆகிவிட்டது. வண்டிக்குச் சொல்லியாயிற்று. பெரியதாகவே எடுத்தோம். டேங்க் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று மறுபடி கூட்டம் போட்டு நான் கத்தினேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை. பரண் கட்டில் பையனுக்கு, ஏறுவானோ மாட்டானோ அவன் பாடு. ஜன்னல் ஓரம் இந்தத் தடவை உன் அக்காளுக்கு. நேற்று மறுபடி வண்டியைப் பார்க்கப் போனபோது, அந்த இரண்டு கைப்பிடியில் ஒன்றில் சிவப்புத் துணியும் இன்னொன்றில் நீலத் துணியும் மாப்பிள்ளை கட்டி வைத்திருந்தார். எதற்கு என்றேன். “எனக்குத்தான் மாமா, குழம்பிப் போயிடுவேன்” என்றார். மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான், கணக்கு வழக்கோடு நிற்கட்டும்.

உன் வாசலுக்கு வரும்போது டேங்க் நிறைந்துதான் இருக்கும். சாக்கடை மூடி மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறாயாம், உன் அக்காள் சொன்னாள். நீ தூக்காதே, யாரையாவது வைத்து நகர்த்து. நான் ஓஸை மாட்டித் திறந்து விடும்போது நீ நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். எவன் வைத்த வாட்டம் ஓடுகிறது என்று ரெண்டு பேருமாகப் பார்த்துவிடுவோம்.