தாங்கும்காரரின் மீசை

தாங்கும்காரர் என்றொரு இனம் உண்டு. பல வருடங்களாகப் பார்த்தும் அவருடைய ஒரு சின்னப் பழக்கம் மாறியதில்லை. எந்தப் பொருள் எதிரே வந்தாலும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். தலையைச் சாய்த்து, வைத்தியர் நெஞ்சுச் சத்தம் கேட்பதுபோலக் கேட்பார். பிறகு தீர்ப்பு வரும்: "தாங்கும்."

மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் கட்டிலில் நான்காவது ஆளாக உட்காரும் முன் இரண்டு தட்டு. தாங்கும். ஒரே பிளக் பலகையில் இஸ்திரிப் பெட்டி, மிக்சி, மின்விசிறி, மூன்று கைப்பேசி, போதாததற்குத் தண்ணீர் மோட்டார் என்று அத்தனையையும் செருகிவிட்டு அதன் நெற்றியிலும் இரண்டு தட்டு. தாங்கும். பலகை லேசான கருகல் வாசனையில் பதில் சொல்லும். அவருடைய மூக்கு அந்த மொழியைப் படித்ததில்லை.

இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதற்கு அள்ளிச் செலவழிப்பார். சுவரளவு டிவி வாங்குவார். அதை மாட்டத்தான் பழைய காலண்டர் ஆணியே போதும் என்பார். பொய்யரும் அல்ல, மனதார நம்பித்தான் சொல்கிறார். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். தன் தோளைத் தட்டி "தாங்கும்" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. சிலிண்டரைத் தூக்கச் சொன்னால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஓர் ஆள், மரச்சாமான் கடையின் கிடங்கு மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு சித்தப்பா. அவருடைய அண்ணன் மகள்தான் அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அதனால் வீட்டில் அவள் பெயரே டிகிரி. "டிகிரி, பால் பொங்குது பாரு." "டிகிரி, குழாய மூடு." படிப்பு இவ்வளவு நேரடியாகப் பயன்பட்டு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

டிகிரிக்கு ஒரு உள் அலங்கார நிறுவனத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலை. இன்னும் கட்டாத அறைகளைக் கணினியில் கட்டிக் காட்டுவது. கடைசிப் பரீட்சையாக ஒரு பல் மருத்துவமனை வந்தது. வாசலில் நுழைந்து வரவேற்பு மேசையைக் கடந்து பல் பிடுங்கும் நாற்காலியில் போய் நிற்கும் முப்பது விநாடிப் படம். வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முப்பது விநாடிக்குத் தொள்ளாயிரம் படங்கள் வேண்டும். வீட்டிலிருந்த பழைய கணினி ஒரு படத்தை வரைய இருபது நிமிடம் எடுத்தது. டிகிரி பெருக்கிப் பார்த்தாள்: பன்னிரண்டரை நாள். அன்று திங்கள்கிழமை.

"புது கிராபிக்ஸ் கார்டு போட்டா ஒரு படத்துக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும் சித்தப்பா" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அன்று மாலையே சித்தப்பா அவளை அழைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியிலுள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய கார்டாகப் பார்த்துத் தன் கைக்காசில் வாங்கினார். முன்பே சொன்னோமே, கஞ்சன் அல்ல.

கடைக்காரர் பில் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கற பெட்டி, அதான் பவர் சப்ளை, எத்தனை வாட் சார்?"

"நானூத்தி அம்பது."

"வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

"என்னப்பா, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்? ஏழு வருஷம்."

"அப்ப அதையும் மாத்திடுங்க. இந்தக் கார்டுக்கு அறுநூத்தி அம்பது வேணும். அட்டைலயே போட்டிருக்கு பாருங்க."

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பயந்துகிட்டு போடறது. மருந்து பாட்டில்லகூடத்தான் குழந்தைக்கு எட்டாம வைங்கன்னு போட்டிருக்கு. நம்ம வீட்டுல எது குழந்தைக்கு எட்டாம இருக்கு? கணக்கு சொல்றேன் கேளு. கார்டு எவ்வளவு இழுக்கும்?"

"இருநூத்தி இருபது."

"பெட்டி எவ்வளவு குடுக்கும்? நானூத்தி அம்பது. பாதிகூட இல்ல. ரெண்டு கார்டு ஓட்டலாம்யா."

கழித்தலில் பிழையே இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிறவர்களை எண்ணாமல், வந்த விருந்தாளிக்கு மட்டும் அரிசி அளந்துவிட்டு, பானையில் பாதி மிச்சம் என்று மகிழ்வதுபோன்ற கணக்கு அது. கணினிக்குள் பிராசசர் இருக்கிறது, வட்டுகள் இருக்கின்றன, விசிறிகள் இருக்கின்றன. அவர்களும் பசியோடுதான் இருக்கிறார்கள்.

"ஓடாதுன்னு சொல்லல சார்" என்றார் கடைக்காரர். "சும்மா இருந்தா ஓடும். வேலை குடுத்தா நின்னுடும்."

"நின்னா இந்த மீசைய உன் கடை வாசல்ல வந்து எடுத்துடறேன்!"

கடைக்காரர் மீசையைப் பார்த்தார். சாயம் பூசி, எண்ணெய் தடவி, இரண்டு முனையும் லேசாக மேலே பார்க்கும்படி வளர்த்த மீசை. அளவெடுப்பதுபோல ஒரு நொடி நிதானித்து, "சரிங்க சார்" என்றார்.

டிகிரியின் பையில் அப்போது ஒரு தாள் இருந்தது. கடைக்குக் கிளம்பும் முன்பே, அங்கே இருக்கும் பெரிய கார்டின் விவரத்தை இணையத்தில் பார்த்து எழுதி வைத்தது. கார்டு 220, பிராசசர் 125, மற்றவை 60, மொத்தம் 405. கார்டு சில கணங்களில் இன்னும் பாதி அளவு கூடுதலாக இழுக்கும். பவர் சப்ளை பழசு. ஆகவே 650. இந்தக் கடைசி எண்ணின் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள். தாள் பையிலேயே இருந்தது.

ஏன் எடுக்கவில்லை? நியாயமான கேள்வி. அவளும் அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். கார்டு அவருடைய பரிசு என்பது ஒரு காரணம். அதைவிடப் பழைய காரணமும் ஒன்று இருந்தது. கல்லூரியில் இடம் கிடைத்த வருடம், வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் கூடி, பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு, குடும்பம் தாங்குமா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பாதான் எழுந்து வந்து அவள் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "தாங்கும். படிக்கட்டும்" என்றார். அவளுடைய பட்டச் சான்றிதழே அந்த இரண்டு தட்டில்தான் நிற்கிறது. அந்த விரல்களிடம் போய்க் கணக்குத் தாளை நீட்டுவதா?

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தார்கள். கார்டுக்கு இரண்டு வாய். பவர் சப்ளையிலிருந்து வந்ததோ ஒரே வயர். சித்தப்பா அசரவில்லை. தெருமுனையில் ஒரு கவட்டை வயர் வாங்கிவந்து ஒன்றை இரண்டாக்கினார். மூடினார். இரண்டு தட்டு. பொத்தானை அழுத்தியதும் கார்டு சிவப்பும் நீலமுமாக எரிந்தது.

"சர்க்கஸ் மாதிரி இருக்கே" என்றாள் சித்தி.

"பாத்தியா? தாங்குது."

"இன்னும் வேலையே குடுக்கலியே. நீங்களும் சும்மா இருக்கறப்ப நல்லாத்தான் இருக்கீங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் வேலை கொடுத்தாள். நாற்பத்தோராவது படத்தில் கணினி அணைந்தது. முனகவில்லை, எச்சரிக்கவில்லை. திரை கறுத்தது, அவ்வளவுதான். மறுபடி போட்டாள். பதினேழு படம், கறுப்பு. மறுபடி. அறுபத்து மூன்று படம், கறுப்பு.

சித்தப்பா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். தூசி என்றார், ஊதினார். சூடு என்றார், மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார். மவுஸை மாற்றிப் பார்த்தார். தெருவிலேயே கரண்ட் சரியில்லை என்று முடிவுகட்டி, கணினிக்கு நிறையக் கிடைக்கட்டும் என்று ஃப்ரிட்ஜை அணைத்தார். பால் திரிந்தது. நான்காவது முறை நின்ற கணினி அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அப்போதுதான் மூல காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"நீ ஏம்மா ஒரே நேரத்துல இவ்வளவு வேலை குடுக்கற? கொஞ்சம் கொஞ்சமா குடு. மிஷினும் மனுஷன் மாதிரிதான்."

டிகிரியின் அம்மா ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரி. சாயங்காலம் வந்து, காலை நீட்டி உட்கார்ந்தவள், திரிந்த பாலைப் பற்றிக் கேட்டாள். டிகிரி எல்லாவற்றையும் சொன்னாள். தாளையும் எடுத்துக் காட்டினாள்.

"இது எப்ப எழுதினது?"

"கடைக்குப் போறதுக்கு முன்னாடியே."

"தெரிஞ்சேவா வாய மூடிட்டு நின்ன?"

"எப்படிம்மா சொல்றது? அன்னைக்கு என்னைத் தாங்கும்னு சொன்னது சித்தப்பாதானே. அதனாலதானே படிச்சேன்."

அம்மா குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "அவரு தட்டினது உன் தலைய. தாங்கினது என் காலு. நாலு வருஷம், ரெண்டு ஷிப்டு. என் மேல எத்தனை வாட்டு போட்டிருக்குன்னு யாராச்சும் படிச்சீங்களா?"

அடுத்த அறையில் சித்தப்பா சுவிட்ச் பலகையைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

புதன்கிழமை காலையில் டிகிரி தனியாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலியா?"

"வேலை இருக்கு."

"மீசை?"

"இருக்கு."

அவர் அறுநூற்றைம்பது வாட் பவர் சப்ளையை எடுத்து வைத்தார். மதியத்துக்குள் மாட்டி, மிச்சப் படங்களைத் தொடங்கினாள். கணினி ஒரு முறைகூட நிற்கவில்லை. வியாழன் விடிந்தபோது தொள்ளாயிரமும் முடிந்திருந்தன. பல் மருத்துவர் முப்பது விநாடியையும் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த பூந்தொட்டியை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொன்னார். வேலை நிரந்தரமானது.

"அடுத்த மாசம் இதே மாதிரி மூணு வருது" என்றார் முதலாளி. "மூணும் ஒரே நேரத்துல. தாங்குமாம்மா?"

டிகிரி ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தாங்கும் சார்."

சத்தம் காதில் விழுந்த பிறகுதான் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள். அதற்குள் முதலாளி குறித்துக்கொண்டுவிட்டார்.

சித்தப்பா சுகமாக இருக்கிறார். "நான் வாங்கின கார்டு, எப்படி இழுக்குது பாத்தியா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும் இப்போது பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறார், நடை உடம்புக்கு நல்லதாம். மீசை முன்பைவிடச் செழிப்பாக இருக்கிறது. கடைக்காரருக்கு அது இன்னும் பாக்கி. அவரும் அவசரப்படவில்லை, கடை வாசலில் ஒரு பழைய ஸ்டூல் போட்டு, மேலே ஒரு துண்டையும் மடித்து வைத்திருக்கிறார்.

இனி இந்த இனத்தை எங்கே பார்த்தாலும் நீங்கள் அடையாளம் கண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டில் யாருக்கு எத்தனை வாட் என்று கடைசியாக எப்போது படித்தீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால் பரவாயில்லை. ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். பயப்படாமல் உட்காருங்கள்.

தாங்கும்.