மாட்சி எழுத்துருவும் ஒற்றைக்கால் வாத்தும்

எழுத்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகு மனித குலம் எடுத்து வைத்த அடுத்த பெரிய அடி, ஒரு வாத்து விளையாட்டுக்கென்று தனி எழுத்துரு செய்யப்பட்டதுதான். இடையில் அச்சு இயந்திரம் என்று ஏதோ வந்ததாகச் சொல்கிறார்கள். அதில் வாத்து இல்லை.

கைபேசியில் வாத்துகளை வரிசையாக நிற்கவைக்கும் அந்த விளையாட்டைத் தயாரித்த நிறுவனம், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. நிறுவனர் தொலைநோக்கு உள்ளவர். வாத்தை ஒரே மதியத்தில் வரையச் சொல்லிவிட்டு, எழுத்துருவுக்கு ஓராண்டு ஒதுக்கினார். அவசரத்தில் வாத்துக்கு ஒரு கால்தான் வந்திருந்தது. "தண்ணியிலதானே நிக்குது, யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டார். எழுத்து விஷயத்தில் அந்தத் தாராளம் செல்லாது. 'மாட்சி' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த எழுத்துருவில் ஒவ்வொரு கொம்பும் சுழியும் அவருடைய ஒப்புதல் பெற்றுத்தான் வளைந்தது.

மாட்சியை விளையாட்டுக்குள் ஏற்றும் பொறுப்பு மூத்த புரோகிராமரிடம் இருந்தது. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். அலுவலகத்தில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

பாத்துக்கலாமுக்கு இந்த விளையாட்டின் மேல் தனிப் பாசம் உண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்ன வேலை செய்கிறார் என்பது மாமியார் வீட்டில் யாருக்கும் பிடிபட்டதில்லை. "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பதோடு பேச்சு நின்றுவிடும். மனைவியின் அண்ணன் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, நம்ம வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணுது. அதாவது உங்களுக்கு வருமா?" என்று அன்பாக விசாரிப்பார். இந்த முறை அதற்கு விடிவு பிறந்திருந்தது. விளையாட்டைத் திறந்தவுடன் உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் வரும். அவர் பெயரும் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் தவறாமல் திறந்து பார்க்க வேண்டும் என்று மனைவி மூலமாக மாமியார் வீடு முழுக்கத் தகவல் போயிருந்தது.

வெளியீட்டுக்கு முன்பு 'எழுத்துரு நிறுவு விழா' நடைபெற்றது. நிறுவனர் ஊழியர் ஒவ்வொருவரின் கைபேசியையும் இரு கைகளாலும் வாங்கி, தம் விரலாலேயே மாட்சியை அதில் நிறுவித் திருப்பித் தந்தார். கரவொலி எழுந்தது. கீழ்மாடியில் வாயைத் திறந்து படுத்திருந்தவர்களுக்கும் கேட்டது. அதன்பின் அலுவலகத்தில் யார் கைபேசியில் விளையாட்டைத் திறந்தாலும் எழுத்துகள் ஜொலித்தன.

"சார், ஆட்டத்துக்குள்ள ஃபாண்ட் ஃபைலைப் போட்டாச்சா?" என்று சோதனைப் பிரிவுப் பெண் ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டாள்.

"அதான் எல்லார் போன்லயும் வருதேம்மா. பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை விளையாட்டு உலகுக்கு வழங்கப்பட்டது. உலகத்தின் கைபேசிகளுக்கு விழா எதுவும் நடந்திருக்கவில்லை. எழுத்து கிடைக்காத இடத்தில் அவை வெற்றுக் கட்டம் போட்டுக் காட்டின.

மாமியார்தான் முதலில் அழைத்தார். "மாப்பிள்ளை, வாத்து நல்லா வருது. உங்க பேரைத்தான் காணோம். கட்டம் கட்டமா வருது."

"கண்ணாடி போட்டுப் பாத்தீங்களா அத்தை?"

"போட்டேனே. கட்டம் பெருசாத் தெரியுது."

மச்சான் போனைப் பிடுங்கினார். "மாப்ள, எல்லாப் பேரும் கட்டம்தான். இதுல நீங்க எந்தக் கட்டம்னு சொல்லிட்டா அம்மா அதையாவது பாத்துட்டு இருப்பாங்க."

மனைவி பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்துக்கலாம் தொண்டையைச் செருமினார். "அது என் வேலை இல்ல மச்சான். எழுத்துக்குன்னே ஒருத்தன் இருக்கான். சரியான தூங்குமூஞ்சி. அவன் பண்ண கூத்து இது."

"அவனையெல்லாம் இன்னுமா வேலையில வச்சிருக்காங்க?"

"என்ன பண்றது? பெரிய இடத்து சிபாரிசு."

திங்கட்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. "நம்ம எழுத்துல குறையே இல்ல. ஜனங்க போனுக்குத்தான் தகுதி பத்தல" என்று நிறுவனர் நிலைமையைத் தெளிவுபடுத்தினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அந்த ஃபைலை ஆட்டத்துக்குள்ளயே வச்சு மறுபடி விட்டுட்டா சரியாயிடும் சார்" என்றார் பாத்துக்கலாம், மேசையைப் பார்த்தபடி.

"அப்போ நாம தப்பு பண்ணோம்னு ஆயிடாதா?"

ஆகிவிடும் என்பதால் அந்த யோசனை 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது. பதிலாக ஒரு பொது அறிவிப்பு தயாரானது: 'எழுத்துகளைக் காண ஆர்வமுள்ள பொதுமக்கள், அலுவலக நேரத்தில் கைபேசியுடன் நேரில் வந்து, நிறுவனர் திருக்கரத்தால் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.' அறிவிப்பு விளையாட்டுக்குள்ளேயே, மாட்சி எழுத்துருவில் வெளியிடப்பட்டது.

ஒருவரும் வரவில்லை. பொதுமக்களிடையே ஆர்வம் குன்றி வருவதாக நிறுவனர் வருந்தினார்.

இந்தக் கூத்தை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் பாத்துக்கலாம் செய்த பிழை. மனைவி அதை அப்படியே அண்ணனிடம் சொன்னாள். மறுநாள் காலையில், மூச்சு வாங்க மாடியேறி மாமியாரும் அவருக்குப் பின்னால் மச்சானும் வந்து நின்றார்கள்.

"எழுத்து இங்கதானே போட்டுத் தர்றீங்க?" என்றார் மாமியார்.

நிறுவனர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "வாங்கம்மா, வாங்க! பொதுமக்கள் வந்துட்டாங்க! எல்லாரும் இங்க வாங்கப்பா!" அலுவலகம் முழுக்கச் சுற்றி நின்றது. மாமியாரின் கைபேசி இரு கைகளாலும் பெற்றுக்கொள்ளப்பட்டது.

மச்சான் மெல்ல நகர்ந்து பாத்துக்கலாமின் தோளில் கை போட்டார். "அந்தத் தூங்குமூஞ்சி யாரு மாப்ள? சும்மா காட்டுங்க, ரெண்டு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டுப் போறேன்."

"இன்னிக்கு லீவு மச்சான்."

"யாரு லீவு?" என்று நிறுவனர் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு எல்லாரும் வந்திருக்காங்களே!"

"அத்தை, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் வீட்டுக்கு வந்து போட்டுத் தர்றேனே?"

"இருங்க மாப்பிள்ளை, இவ்வளவு தூரம் ஏறி வந்துட்டு உங்க பேரைப் பாக்காம போவேனா?"

கரவொலிக்கு நடுவே மாட்சி நிறுவப்பட்டது. மாமியார் விளையாட்டைத் திறந்தார். ஒற்றைக்கால் வாத்து நீந்தி ஒதுங்கியது. பெயர்கள் ஒவ்வொன்றாக மேலேறி வந்தன. ஓராண்டு உழைப்பு வீண்போகவில்லை. கொம்பும் சுழியும் துல்லியமாக, அறையின் மறுகோடியிலிருந்து படிக்கும்படி தெளிவாக இருந்தன.

"வந்துடுச்சு! வந்துடுச்சு! மாப்பிள்ளை பேரு வந்துடுச்சு!" என்று மாமியார் போனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

'எழுத்துகள்' என்ற தலைப்பின் கீழ் அந்த ஒரு பெயர்தான் இருந்தது.