ஐம்பது மாநிலமும் எங்க ஊரும்

அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள் இருப்பதாகவும், அவற்றில் எதில் மனிதர் அதிகச் சுதந்திரமாக வாழலாம் என்பதை எங்கள் ஊர்க் கமிட்டி ஆராய்ந்து முடிவு செய்யும் என்றும் போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மைக்கில் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் கமிட்டிச் செயலாளர் காளீஸ்வரன் மாமா. அரசாங்க ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் 'மேற்படி' போடாமல் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார்.

காரணம் அவர் மகன் வேல்ராஜ் மச்சான். நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயே இருக்கலாம், இல்லை டெக்ஸாஸ், இல்லை நியூ ஹாம்ப்ஷயர், எது வேணும்னு நீயே சொல் என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். மச்சான் சும்மா இருக்காமல், எந்த மாநிலத்தில் சுதந்திரம் அதிகம் என்று யாரோ வரிசைப்படுத்தி எழுதிய கட்டுரையை ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். முப்பத்தாறு வயசுப் பையன் தன் சுதந்திரத்தைத் தானே தேர்ந்தெடுத்தால் தப்பாகிவிடும் என்று கமிட்டி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

மினிட்ஸ் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும். பிளஸ் டூ வரை இங்கிலீஷ் உண்டு. டீயும் போடுவேன். நானும் சந்தோஷமாகத்தான் போனேன், எனக்கு அங்கே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் சுரேஷ் திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய ஸ்கூட்டர் அஞ்சு மாசமாகத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது. ராம்நாட்டில் போய் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஆனால் அது அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ். ஊர்க் கமிட்டி கொடுக்கவில்லை. 'பெண்டுகள் தனியாக வண்டியில் சாயல்குடி செல்வது தொடர்பாக' என்ற என் மனு பரிசீலனையில் இருந்தது. பாப்பாவுக்குச் சாயல்குடியில் ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும். மினிபஸ் ஒன்பதே காலுக்கு இறக்கிவிடும். யூகேஜி படிக்கிற பிள்ளை, கேட்டுக்கு வெளியே தனியாக நின்று பிரேயர் பாடும்.

கூட்டம் ஆரம்பித்தது. மச்சான் போனில் முகம் காட்டினார். கட்டுரையில் இருந்த விஷயங்கள் நமக்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டு, கமிட்டி சொந்தமாகக் கேள்விகள் தயாரித்திருந்தது.

காதுகுத்துக்குக் காலை நாலு மணிக்கு ஸ்பீக்கர் கட்டலாமா? மூணு மாநிலத்திலும் போலீஸ் வரும் என்றார் மச்சான். வாசலில் வைத்துக் கிடா வெட்டலாமா? பக்கத்து வீட்டுக்காரன் மயங்கி விழுவான். ரோட்டில் கருவாடு காயப் போடலாமா? மச்சான் சிரித்தார். அவர் தெருவில் கொடியில் சட்டை காயப் போட்டாலே அசோசியேஷனிலிருந்து கடிதம் வருமாம். நியூ ஜெர்சியில் பெட்ரோலைத் தானே போட்டுக்கொள்ளக்கூட முடியாதாம், சட்டமாம்.

"எழுதிக்க ஆத்தா. மூன்று மாநிலங்களும் மேற்படி இனங்களில் பூஜ்யம்" என்றார் மாமா.

"அய்யா, நியூ ஹாம்ப்ஷயர்ல பெரியவங்க பைக்ல ஹெல்மெட் போட வேண்டியதில்ல. சட்டமே இல்ல" என்றார் மச்சான், பரிதாபமாக.

பொருளாளர் பொன்னுச்சாமி சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏலே வேலு, அங்கன சட்டம் இல்ல, போடல. இங்கன சட்டம் இருக்கு, இருந்தும் போடல. எதுடா பெரிய சுதந்திரம்?"

நான் மெதுவாகக் கேட்டேன். "மச்சான், அங்க ஒரு பொம்பள தனியா வண்டி எடுத்துட்டுப் பக்கத்து ஊருக்குப் போகலாமா?"

"அம்பது மாநிலத்துலயும் போகலாம் உமா. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

மாமா தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அது சுதந்திரம் இல்ல தாயி. அது போக்குவரத்து. இந்தக் கமிட்டி வரம்புல வராது."

சுதந்திரத்தில் எங்கள் ஊர் ஐம்பது மாநிலங்களையும் விஞ்சிவிட்டது என்றும், ஆகவே வேல்ராஜ் உடனடியாக ஊர் திரும்ப வேண்டும் என்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மச்சானின் போனில் அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போய்விட்டது.

வெற்றி என்றால் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸில் ஏறிய எழுத்துக்கு மறுபேச்சு கிடையாது. போன வருஷம் ஒரு பிள்ளையின் காதுகுத்துத் தேதி பதினேழுக்குப் பதில் பதினாலு என்று விழுந்துவிட்டது. பதினாலாம் தேதியே குத்தினார்கள். தாய்மாமன் மூணு நாள் கழித்து வந்து மொய் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம் வண்டி ஓட்டத் தெரிந்த ஆம்பளைகள் எல்லாரும் விருந்துக்குக் கிடா பிடிக்கப் போய்விட்டார்கள். கடைசி மினிபஸ்ஸும் போய்விட்டது. சாயல்குடியில் ஃப்ளெக்ஸ் கடை ஆறு மணிக்கு அடைத்துவிடும். மாமா என் வாசலில் வந்து நின்று, தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவசர நிமித்தம், ஒரு தடவைக்கு மட்டும், விதிவிலக்கு."

போனேன். ஆறு கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் பனை, முகத்தில் உப்புக் காத்து. வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி, ஃப்ளெக்ஸுக்காக நானே எழுதிய தாளில், ஊரின் ஆறு பெருமைகளுக்குக் கீழே ஏழாவதாக ஒரு வரி சேர்த்தேன்.

கடைக்கார ஹமீது அண்ணன் வாசித்தார். "ஏழாவது மட்டும் வேற மையில இருக்கே, தங்கச்சி?"

"பேனா தீந்துருச்சுண்ணே."

வெளியே நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏழாவது வரிக்குச் சிவப்பு எழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ளெக்ஸ் ஏறியது. இருபத்துமூணு உறுப்பினர்களும் அதில் கும்பிட்டபடி இருந்தார்கள். மாமா மைக்கில் ஆறு வரை கம்பீரமாக வாசித்தார். 'ஏழு. பெண்கள் ஸ்கூட்டரில் தனியாகச் சாயல்குடி சென்று வர முழுச் சுதந்திரம்' என்ற இடத்தில் மைக் மட்டும் கொய்ங் என்றது.

வெட்டி எடுங்கடா என்றார் சித்தப்பா. ஆனால் ஏழாவது வரி சரியாக அவர் படத்தின் கழுத்தில் விழுந்திருந்தது. வரியை வெட்டினால் கழுத்தும் போகும். விசேஷத்தன்று அது நல்லதில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

"அச்சேறியாச்சு. மேற்படி ஷரத்து இன்று முதல் அமலுக்கு வருது. இது என் நெடுநாள் யோசனை" என்றார் மாமா. கைதட்டினார்கள். கையோடு என்னை மகளிர் பிரிவுச் செயலாளர் ஆக்கினார்கள். வேல்ராஜ் மச்சான் எந்த மாநிலத்துக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார்.

பாப்பா இப்போது கேட்டுக்கு உள்ளே நின்று பிரேயர் பாடுகிறாள்.

நேற்று பக்கத்து வீட்டு மாரிச்செல்வி வந்தாள். அவள் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். அவளுக்கும் ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருக்கிறதாம். கீழக்கரைக்குத் தானே லோடு கொண்டுபோக வேண்டும் என்றாள்.

நான் ஃப்ளெக்ஸைக் காட்டினேன். அதில் ஸ்கூட்டர் என்றுதான் இருக்கிறது. சாயல்குடி என்றுதான் இருக்கிறது. மனு எழுதி மூணு காப்பி எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன், பரிசீலிக்கிறேன் என்றேன்.

"ஏன்டி, உனக்கு மட்டும் சுதந்திரமா?" என்றாள்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"அது சுதந்திரம் இல்ல மாரி. அது போக்குவரத்து."